கடன் வாங்கிய கூட்டம்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் குடும்பத்துக்குக் கை கால் ஓடாது. பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர் வீட்டு வெள்ளித் தட்டு, மாடி வீட்டுப் பூந்தொட்டி என்று இரவல் வாங்கி அடுக்கி, இது நம் வீடுதானா என்று நமக்கே சந்தேகம் வரும் அளவுக்கு மாற்றிவிடுவோம். அந்த வேலையை ஒரு முழுக் கடைத்தெருவுக்கே செய்து பார்த்த பெருமை என்னைத்தான் சேரும்.

மைசூரு அக்ரஹாரத்தை ஒட்டிய பழைய தெருவில் அப்பாவுக்குக் குடை, பை, பெட்டி விற்கும் கடை. ஊருக்கு வெளியே குளிர்சாதன வளாகங்கள் முளைத்த பிறகு எங்கள் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தசரா சமயத்தில் ஊரே நிரம்பி வழியும். எங்கள் தெருவில் ஆட்டோக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். கட்டடம் பழையது, கூரை ஒழுகும், சாக்கடை நிரம்பினால் கடைக்குள் வரும். இந்த வருஷம் கூரை சரியாகாவிட்டால் இடித்து வாகன நிறுத்தமாக்க ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார்.

"ஆய்த்து, முடிஞ்சுபோச்சு விடும்மா, நானும் எவ்வளவு நாள்தான் உட்கார்றது" என்றார் அப்பா. சொன்னவர் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையிலும் போய்க் கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். கடை போனால் இந்த மனிதர் அதோடு போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. பெங்களூரில் கட்டட வடிவமைப்பு வேலையை விட்டுவிட்டு வந்தேன். கடையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். (இந்த மாதிரி முடிவுகளை நான் எடுக்கும்போதெல்லாம் அம்மா சாமி அறைக்குப் போய்விடுவாள்.)

பழைய கடைத்தெருக்களைச் சீர்படுத்த நிதி தரும் ஓர் அறக்கட்டளை பெங்களூரில் இருந்தது. விண்ணப்பித்தேன். நான் எழுதியதைப் படித்தால் கல்லும் அழும். ஈ காக்கை வராத தெரு, இடியும் கூரை, நம்பிக்கை இழந்த வியாபாரிகள் என்று பிழியப் பிழிய எழுதியிருந்தேன். அங்கிருந்து பிரேமா மேடம் என்கிற அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நம் ஆடி வெள்ளி போல இங்கே விசேஷமான ஓர் ஆஷாட வெள்ளிக்கிழமை.

அங்கேதான் எங்கள் ரத்தம் வேலை செய்தது. பெரிய இடத்திலிருந்து ஒருவர் வருகிறார், தெரு இப்படியா கிடப்பது? மானம் போகாதா? தெரு மோசமாக இருப்பதால்தான் அவர் வருகிறார் என்பது என் புத்தியில் அப்போது ஏறவே இல்லை. உடனே ஹனூரில் இருக்கும் அப்பாவின் அக்கா மாதம்மா அத்தைக்குப் போன் போட்டேன். ஆஷாட வெள்ளிக்குச் சாமுண்டி மலைக்கு அவர்கள் வேன் பிடித்து வருவது வழக்கம்.

"அத்தே, மலையிலேர்ந்து இறங்கினதும் நம்ம தெருவுல கொஞ்ச நேரம் நடமாடணும். ஜனங்க வர்ற தெரு மாதிரி இருக்கணும்."

"அதுக்கென்ன கண்ணு, இன்னொரு வேனும் சொல்லிப்போடறேன்."

"வாங்க வேண்டாம் அத்தே, வாங்குற மாதிரி இருந்தா போதும். முக்கியமா, எங்களைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க."

"கடைக்குள்ள போயிட்டு வாங்காம வர்றதா? அது மருவாதியாவா இருக்கும்?" என்றார் அத்தை. எச்சரிக்கை மணி அப்போதே அடித்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தெருவில் மாவிலைத் தோரணம், ஒவ்வொரு கடை வாசலிலும் கோலம். மூடிக் கிடந்த ஷட்டர்களுக்கு முன்னால் அம்மா வாழைக்கன்றுகள் கட்டிவைத்தாள். கடைக்குள் ஒழுகும் இடங்களுக்கு நேர் கீழே கலர் கலராகக் குடைகளை விரித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடைகள் பிடித்துக்கொண்டன. பார்க்கிறவர்களுக்கு அலங்காரம்.

"எவ்வளவு ரசனையா செஞ்சிருக்கீங்க!" என்று உள்ளே நுழைந்ததும் சொன்னார் பிரேமா மேடம். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

அதே நேரம் இரண்டு வேன் சனமும் தெருவில் இறங்கியது. நடிப்பு என்பதை இறங்கியவுடனேயே மறந்துவிட்டார்கள். பித்தளைக் கடையில் குத்துவிளக்கைத் தட்டிப் பார்த்தார்கள். ஜமுக்காளக் கடையில் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். மாதம்மா அத்தை நேராக எங்கள் கடைக்கு வந்து, கூடப்பிறந்த தம்பியை முன்பின் பார்த்திராத ஆளைப்போல் ஏற இறங்கப் பார்த்து, "ஏனுங், இந்தப் பொட்டி என்ன விலைங்க?" என்றார்.

அப்பா விலை சொன்னார். அத்தை பாதி விலைக்குக் கேட்டார். அப்பா கண்ணால் கெஞ்சினார். "கண்ணைச் சிமிட்டுனா விலை குறையாதுங்க" என்றார் அத்தை. அசல் விலைக்கும் கீழே அந்தப் பெட்டி கைமாறியது.

பிரேமா மேடத்துக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நின்று ரசித்தவர், "இந்தத் தெருவுக்கு அடிக்கடி வருவீங்களாம்மா?" என்று அத்தையைக் கேட்டார்.

"வாரம் தவறாம வருவமுங்க."

"எந்த ஊர்லேர்ந்து?"

"ஹனூருங்க."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா?"

"குண்டூசின்னாலும் இங்க வந்துதானுங்க வாங்குவோம்" என்று அத்தை அடித்து விட்டார். பின்னால் நின்ற சனமெல்லாம் தலையாட்டியது. நான் வெற்றிக் களிப்பில் மேடத்துக்கு இரண்டாவது காபி சொன்னேன்.

அடுத்த வாரம் மேடம் போனில் பாராட்டினார். வெளியூர்க்காரர்கள்கூட வாரந்தோறும் தேடி வரும் தெருவைப் பார்த்ததில் மகிழ்ச்சி என்றார். இவ்வளவு நன்றாக நடக்கும் தெருவுக்கு உதவி தேவைப்படாது, நலிந்த வேறொரு தெருவுக்குக் கொடுக்க உத்தேசம் என்றார்.

ஒழுகும் இடத்துக்கு அடியில் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டேன். பக்கத்தில் அப்பா ஒரு குடையை மடக்கி, அதிலிருந்த தண்ணீரை வாளியில் ஊற்றினார். அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் போனை வைக்கவில்லை. விட்டால் போச்சு.

"மேடம், அவங்கெல்லாம் எங்க சொந்தக்காரங்க."

"யாரு?"

"எல்லாருமே."

"பெட்டிக்குப் பேரம் பேசினாங்களே, அந்தம்மா?"

"எங்க அத்தை. கடைக்காரர் அவங்க தம்பி."

போனில் டைரி புரளும் சத்தம் கேட்டது. கடைசியில், "தசரா முடிஞ்சு வர்றேன். தோரணம் வேண்டாம். குடை வேண்டாம். சொந்தக்காரங்க கண்டிப்பா வேண்டாம்" என்றார். சரி என்று சத்தியம் செய்தேன். அன்றே அத்தைக்கும் போன் போட்டு, உங்களால்தான் கெட்டது, மேடம் வரும்போது சொந்தக்காரர்களே இருக்கக் கூடாதாம் என்று கத்தினேன். (கூப்பிட்டது நான். கத்தியதும் நான். அந்த வயதில் நியாயம் அப்படித்தான் இருந்தது.)

தசரா முடிந்தது. மேடம் வந்த அன்று நல்ல மழை. தெரு தன் நிஜ முகத்தோடு கிடந்தது. சாக்கடை பொங்கி நின்றது. கடைக்குள் வாளி, அண்டா, குண்டான் என்று அம்மாவின் பாத்திரங்கள் முழுவதும் சொட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தன. "இப்பத்தான் புரியுது" என்று மேடம் எழுதத் தொடங்கினார். எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

முதலில் மாதம்மா அத்தை இறங்கினார். பின்னாலேயே மாமா, அவர்கள் தெருக்காரர்கள், ஊர்க்காரர்கள். மேடம் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சத்தியமா நான் கூப்பிடலை மேடம்!" என்று கிட்டத்தட்ட அலறினேன்.

அலறல் கேட்டுத் திரும்பிய அத்தை மேடத்தைப் பார்த்துவிட்டார். நான் போனில் கத்தியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மணி, நாங்க இவங்களுக்குச் சொந்தமே இல்லீங்க!" என்றார்.

"ஆமாங்க, இந்தக் கடைக்காரர் என் மச்சானே இல்லீங்க" என்று மாமா ஒத்து ஊதினார். அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்றார் மேடம்.

அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "பொண்ணுக்குத் தை மாசம் கண்ணாலமுங்க. அன்னிக்கு வாங்கிப்போன பொட்டியும் விளக்கும் நல்லா இருந்துச்சு. ஊர்ல எல்லாரும் பாத்துப்போட்டு எங்களுக்கும் வேணும்னு ஏறிட்டாங்க. நெசமாவே வாங்கத்தான் வந்தோமுங்க. இந்தத் தெரு இங்கயே இருக்கட்டுமுங்க."

மேடம் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் தலையில் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு அத்தையின் பின்னாலேயே கடை கடையாகப் போனார்.

கூரைக்கும் சாக்கடைக்கும் நிதி கிடைத்தது. கட்டடம் நிற்கிறது, அப்பா உட்கார்ந்திருக்கிறார், இறங்கிய ஷட்டர்களில் சில ஏறியிருக்கின்றன. பெண்களுக்கான கழிப்பறையும் தெருவிளக்கும் இன்னும் பாக்கி. அதற்கும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், விடுவதாக இல்லை.

எனக்குக் கல்யாணம் நடந்தபோது, மேடையில் மாப்பிள்ளை வீட்டார் அத்தையிடம், "நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அத்தை கைகூப்பிக் கும்பிட்டார். எங்கள் பக்கத்து இரண்டு வேன் சனமும் ஒரே குரலில் பதில் சொன்னது:

"சொந்தமே இல்லீங்க!"