இயல்பாக இருக்கும் டூட்டி

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு யாரும் எதிர்பாராத திடீர்ச் சோதனை ஒன்று நடக்கப்போகிறது என்பது, கோர்படி முகாமின் அந்த ராணுவ யூனிட்டில் திங்கட்கிழமையே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இந்தத் தடவை முறையையே மாத்திட்டாங்க ஜெயசீலன்," என்றார் கர்னல் ராம்பிரசாத். "கல்லுக்கு வெள்ளையடிக்கிறது, பூந்தொட்டி வைக்கிறது எல்லாம் பழைய கதை. சாதாரண நாள்ல எப்படி இருக்கோமோ அப்படியே பார்க்கணுமாம். இயல்பா இருக்கறதுக்குத் தனி மார்க்."

"பார்த்துக்கலாம் சார்," என்றார் சுபேதார் ஜெயசீலன். இத்தனை வருட சர்வீஸில் இயல்பாக இருக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது இதுவே முதல் தடவை. "சார், என் லீவு..."

"சோதனையில பாஸாகட்டும். அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் மகள் ப்ரீத்திக்கு நிச்சயதார்த்தம். மனைவி வேதநாயகி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "நீங்க வரலன்னா உங்க போட்டோவத்தான் சேர்ல வெக்கணும். மாலை போடாம வெக்கிறேன், கவலைப்படாதீங்க."

செவ்வாய்க்கிழமை முதல் ஒத்திகை. சைரன் ஊதுவதற்கு முன்பே எல்லோரும் பூட்ஸ் மின்ன வரிசையில் நின்றிருந்தார்கள்.

"திடீர்னு வந்தா இப்படியா நிப்பாங்க?" என்றார் கர்னல். "பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி இருக்காங்க."

ஜெயசீலன் ஆட்களைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒருத்தனும் முழுசா ரெடியா இருக்கக் கூடாது. பாதி ரெடியாதான் இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாப்!"

புதன்கிழமை சைரன் ஊதியதும் மொத்த யூனிட்டும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தது. எல்லோருக்கும் இடது கன்னம்.

கர்னல் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

ஆகவே ஜெயசீலன் ஆளுக்கொரு டூட்டி போட்டார். ஷ்யாமுக்கு மட்டும் நுரை. கோவிந்தராஜனுக்கு ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் செருப்பு, அதோடு கேரம் ஆட்டம். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு டிரம் நிறைய வைக்கோல். சைரன் ஊதியதும் அதில் தற்செயலாகத் தீப்பிடிக்க வேண்டும், எல்லோரும் ஓடிப்போய் அணைக்க வேண்டும்.

"சாப், கேரம்ல நான் ஜெயிக்கணுமா, தோக்கணுமா?" என்றான் கோவிந்தராஜன்.

"இயல்பா ஆடுடா."

"இயல்பா ஆடினா நான்தான் சாப் ஜெயிப்பேன். ஷ்யாம் ஒத்துக்க மாட்டேங்கறான்."

"அப்ப தோத்துத் தொலை!"

வியாழக்கிழமை ஆறு மணிக்கு, சோதனை நடத்த வேண்டிய பிரிகேடியர் வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. ஷ்யாமின் கன்னத்தில் நுரை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது; ஜெயசீலனே தன் கையால் புதிதாகப் பூசிவிட்டார். தோற்க முடியாமல் கோவிந்தராஜன் தவித்தான்.

எட்டு மணிக்கு வாசலில் ஒரு ஜீப் சீறிக்கொண்டு நுழைந்தது. சைரன் ஊதியது. டிரம்மில் தீ எழுந்தது. மொத்த யூனிட்டும் வாளியோடு அதன்மேல் பாய்ந்தது. அதே நேரம் சமையற்கூடத்தில் பூரி எண்ணெய் நிஜமாகவே பற்றிக்கொண்டது.

"தீ! தீ!" என்று அலறினான் சமையல்காரன் மனோஜ்.

"தெரியும்டா! அணைச்சிட்டுத்தான இருக்கோம்!" என்று டிரம் பக்கமிருந்து பதில் வந்தது.

மனோஜ் அண்டா மூடியைப் போட்டுத் தனியாளாக அணைத்தான். அவனுடைய புருவம் இரண்டும் போயின.

ஜீப்பிலிருந்து இறங்கி வந்த பிரிகேடியர் சமையற்கூடத்தின் கரிந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். "டிரம் தீ தெரியும். இந்தத் தீயைப் பத்தி எங்களுக்குச் சொல்லவே இல்லையே?"

"கூடுதல் தயார்நிலை சார்," என்றார் கர்னல், கண்ணிமைக்காமல்.

பிரிகேடியர் மனோஜைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார். "இவன்தான் இயல்பா இருக்கான். பிரமாதம்!"

ஜெயசீலனுக்குக் காட்பாடி ஸ்டேஷன் கண்ணில் தெரிந்தது. அதிகாரிகள் டீ குடிக்கப் போனதும், கட்டிவைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பருகே போனார். பிரிகேடியரின் டிரைவர் சேவியர் வடா பாவ் தின்றுகொண்டிருந்தான். கோர்படியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன்.

"தம்பி, ஐயா ரிசல்ட்டை இப்பவே சொல்லிடுவாரில்ல? அதுக்கப்புறம்தான் என் லீவுல கையெழுத்து."

"ரிசல்ட்டா? அரே சாப், திடீர்னு உள்ள நுழையறது ஐயாவுக்கு இன்னும் சரியா வரல, அதான் இன்னிக்கு இங்க ஒரு ரிஹர்சல் பார்த்தாரு. நிஜ சோதனை சண்டேதான், வெளிய சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸ்."