பாறையிசைப் பெரும்பாணருக்கு ஓர் இரங்கல் கூட்டம்

கலைஞனைப் போற்றுவதில் கோடைக்கானல் அட்டுவம்பட்டிக்கு இணையான ஊர் இந்தப் பூவுலகில் இல்லை. கலைஞன் கண்ணை மூடிய பதினோராம் நாளே பேரவை கண்டு, தலைவர் முதல் பொருளாளர் வரை ஆள் போட்டு, இரங்கல் கூட்டத்துக்கு நோட்டீசும் அடித்த ஊர் வேறு எது? உயிரோடு இருக்கும்போதே பாராட்டினால் கலைஞனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று அந்த ஊருக்குத் தெரியும். அதனால் கடைசி மூச்சு வரை காத்திருந்தது.

அறுபத்தாறாம் வருஷம் டிசம்பர் மாதத்து நோட்டீஸ் அது. 'பாறையிசைப் பெரும்பாணர் பொன்னுவேலனாருக்குப் புகழஞ்சலி. இரசிகர்கள் தத்தம் மனம் கவர்ந்த பாடலை நினைவுகூர்வர்.' பாறையிசை என்பது ராக் மியூசிக்குக்குப் பேரவைத் தலைவர் இராமலிங்கம் கண்டுபிடித்த தமிழ். தெருத் திருப்பத்தில் லாட்ஜ் வைத்திருந்த அவர், ராக் அண்ட் ரோலை முழுசாகவே தமிழாக்கி, 'பாறையும் உருளையும்' என்றுதான் முதலில் எழுதினார். உருளைக்கிழங்கு வியாபாரிகள் மாநாடு என்று நினைத்து ஆட்கள் மூட்டையோடு வந்து இறங்கிவிடுவார்கள் என்று அச்சுக்காரர் பயமுறுத்தவே, உருளையைக் கைவிட்டார்.

எல்லாம் தயார். ஒரே ஒரு சிறு குறைதான். பொன்னுவேல் என்ன பாட்டுப் பாடினான் என்று தலைவருக்கு ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளனே அவர் பொதுமக்கள் மனு ஆபீசுக்கு வந்து, எழுத்தர் நாச்சிமுத்துவின் மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"ஏப்பா நாச்சிமுத்து, ஞாயித்துக்கெழம கூட்டம். மனசைத் தொட்ட பாட்டைப் பத்தி நான் பேசணும். அவன் என்னென்ன பாடுனான்?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா, ஐயா?"

"தெரியாமலா தலைவரா இருக்கேன்? நான் அவனோட தீவிர ரசிகன்யா. பாட்டு மட்டுந்தான் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. பொதுமக்களுக்கு உதவும்போது மலர்வதற்கென்றே அவர் ஒரு முகம் வைத்திருந்தார்.

"அதுக்கு ஏங்க கவலைப்படுறீக? உங்க மனு ஃபைல்ல பத்திரமா கெடக்குங்களே!"

அந்த ஃபைலைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது.

பொன்னுவேல் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் வெந்நீர் போடுகிறவன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஒரு கம்பி அறுந்த கித்தாரை அறையிலேயே விட்டுப் போனான். மீதி ஐந்து கம்பியில் பொன்னுவேல் தானாகக் கற்றுக்கொண்டான். அட்டுவம்பட்டியில் தங்கை லீலாவோடு ஒரு தகரக் கூரை வீட்டில் இருந்தான். தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை, சொந்தமாகக் கட்டிய தமிழ்ப் பாட்டுகளை ராக் மெட்டில் போட்டுக் காலால் தரையை உதைத்துப் பாடுவான்.

முதலில் வந்த மொட்டைக் கடிதம், 'எங்கள் தெருவில் தினமும் ராக் அண்ட் ரோல் நடக்கிறது, உயிருக்கு ஆபத்து' என்றது. மேலதிகாரி மலையிலிருந்து பாறை உருள்கிறது என்று புரிந்துகொண்டு, கடப்பாரையோடு நாலு பேரை அனுப்பினார். நாலு பேரும் ஒரு மணி நேரம் பாட்டைக் கேட்டுவிட்டு, 'பாறை எதுவும் அசையவில்லை' என்று அறிக்கை கொடுத்தார்கள். அதன் பிறகு ஆளுக்கொன்றாக மூன்று வருஷத்தில் முப்பத்தேழு மனு வந்து சேர்ந்தது.

புகாரை நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நாச்சிமுத்து விதியை மீறாதவர். ஒவ்வொரு மனுவுக்கும் அட்டுவம்பட்டிக்கு நடந்து போய், பொன்னுவேலின் வீட்டுக்கு எதிரே இருந்த பேரிக்காய் மரத்தடியில் நின்று, சாட்சியத்துக்காக ஒவ்வொரு பாட்டையும் வரிக்கு வரி எழுதிக்கொள்வார். பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய தணிக்கையை ஏழு மணி வரை நீட்டினார் என்றால் அது கடமை உணர்ச்சி. இரண்டாம் வருஷம் அவருடைய வலது கால் தன்னால் தாளம் போட ஆரம்பித்தது. அதையும் மறைக்காமல், 'கால் ஆடியது. காரணம்: குளிர்' என்று கோப்பில் பதிந்தார்.

ஒருநாள் பொன்னுவேல் பாட்டை முடித்துவிட்டு மரத்தடிக்கே வந்து கேட்டான்.

"சார், பாட்டு எப்படி இருந்துச்சுங்க?"

"அதுபத்திக் கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லப்பா" என்றார் நாச்சிமுத்து. அரசாங்கத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் குளிர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அறுபத்தாறு அக்டோபரில் உத்தரவு பிறந்தது. 'குடியிருப்புப் பகுதியில் பாடுதல் கூடாது.' நகல் எழுதிய நாச்சிமுத்து கருணை கூர்ந்து இன்னொரு வரி சேர்த்தார். 'மனித நடமாட்டமில்லாத இடத்தில் பாடிக்கொள்ள ஆட்சேபணை இல்லை.' பொன்னுவேல் சட்டத்தை மதிக்கிறவன். நவம்பர் அடைமழையில் கித்தாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சோலைக்காட்டுக்குப் போய், ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை மரங்களுக்குப் பாடினான். மரங்கள் மனு எழுதவில்லை. மூன்றாம் வாரம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சமுதாயக் கூடம் நிறைந்து வழிந்தது. பெரும்பாணரின் படம் ஒன்றுகூடக் கிடைக்காததால் மாலையை மைக்குக்குப் போட்டார்கள். தெருக்கோடி வரை கேட்கட்டும் என்று வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. நாச்சிமுத்து ஃபைலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்தார். அவருடைய சேவை மகத்தானது. ஒவ்வொரு பேச்சாளருக்கும் அவரவர் மனுவையே நகல் எடுத்து, பாட்டு வரிகளையும் சேர்த்து, 'சகிக்க முடியாத' என்று இருந்ததை 'மறக்க முடியாத' என்று திருத்திக் கொடுத்திருந்தார். கடைசி வரிசையில் லீலா, யாரும் அழைக்காமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இராமலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

"மூன்று வருடங்களுக்கு முன் மே மாதம் ஏழாம் தேதி, மாலை ஆறு இருபதுக்கு, அன்னார் பாடிய மறக்க முடியாத பஸ் பாட்டு! 'ஏறுது ஏறுது பெருமாள்மலை பஸ்ஸு, எறங்கச் சொன்னா எறங்காது என் மனசு!' அவர் வாயாலேயே ஹாரன் அடித்தபோது, என் லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். என்னே இசையின் ஈர்ப்பு! எனவே சமூகம் அவர்கள் இதன்பேரில் தக்க நடவடிக்கை எடுக்கும்படி தாழ்மையுடன்..."

நாச்சிமுத்து இருமினார். மனுவின் கடைசி வரியைத் திருத்த விட்டுப்போயிருந்தது. கூட்டம் கை தட்டியது.

கம்பளிக்கடை ஒலியுல்லா எழுந்தார். "எனக்குப் புடிச்சது வெந்நிப் பாட்டுங்க. 'ஊருக்கெல்லாம் வெந்நி வச்சேன், எனக்கு மட்டும் பனி வச்சான்.' அதைக் கேட்டே மேலு சூடாயிருச்சு, ஸ்வெட்டர் வேணாம்னு கடைக்கு வந்தவுக திரும்பிப் போயிட்டாக. அப்படியாப்பட்ட பாட்டுங்க!"

மாதர் சங்கத்துப் பாப்பம்மாள், "எம் பசுவே மெய்மறந்து நின்னு பாலை விட மறந்துருச்சு, பாத்துக்கங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இப்படியே வரிசையாக ஒவ்வொருவரும் தேதி, கிழமை, மணி சுத்தமாக நினைவுகூர்ந்தார்கள். இவ்வளவு துல்லியமான இரசிகர்களை எந்தக் கலைஞன் பெற்றான்?

லீலா எழுந்தாள். அவள் முகத்தில் முதலில் இருந்தது சந்தோஷம்தான்.

"இத்தனை பேரு கேட்டீகளா? அண்ணன் தெனமும் பாடி முடிச்சதும், 'ஏ லீலா, இன்னைக்கு யாராச்சும் கேட்டாகளா'ன்னு கேக்கும். ஆபீஸ்காரரு ஒருத்தர் நின்னாரு, வேற யாரும் இல்லண்ணேம்பேன். தெரியாமப் போச்சே! அண்ணன் ஒரு பாட்டும் எழுதி வைக்கலைங்க. உங்களுக்கு மட்டும் எப்படி இம்புட்டும் ஞாபகம் இருக்கு?"

ஒலியுல்லாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஞாபகம் எங்கம்மா இருக்கு? நாங்க குடுத்த மனுவெல்லாம் ஃபைல்ல கெடக்கு. அதைப் பாத்துத்தான் வாசிச்சோம்" என்று சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி கொர்ரென்றது.

லீலா மேடையோரம் வந்தாள். "அந்த ஃபைலைக் குடுங்க சார்."

"தர முடியாதும்மா. எதிர்மனுதாரர் எறந்துட்டா ஃபைலை எரிக்கணும். இந்த மாசக் கடைசிதான் கெடு."

"அப்ப எம் பேர்ல ஒரு மனு எழுதிக்கங்க."

"சட்டப்படி கேக்குது. எழுதப்பா" என்றார் இராமலிங்கம் பெருந்தன்மையோடு. மனு என்றால் பதில் வர மூன்று வருஷம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

நாச்சிமுத்து பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "மனுதாரர் லீலா. சரி. யார் மேலம்மா புகாரு?"

"பாட்டைக் கேட்டுட்டு, கேட்டோம்னு எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதவுக மேல."

"படிவத்துல பேரு வேணும்மா."

"பேரு உங்க பையிலதான சார் கெடக்கு?"

நாச்சிமுத்துவின் பேனா நின்றது. அவருடைய நெற்றியில் வேர்த்தது. இதற்குக் குளிரைக் காரணம் காட்ட முடியாது. குனிந்து முதல் பெயரை எழுதினார். நாச்சிமுத்து, எழுத்தர், மனு ஆபீஸ். இரண்டாம் பெயருக்காக நிமிர்ந்தபோது நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. அத்தனை இரசிகர்களுக்கும் ஒரே நேரத்தில் அவசரச் சோலி வந்துவிட்டது. இராமலிங்கம் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் ஒலியுல்லாவின் செருப்போடும் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து எழுந்தார். மைக்கின் மாலையைக் கழற்றி வைத்தார். ஃபைலைப் பிரித்தார். ஒரு சொல்லையும் திருத்தாமல் வாசித்தார்.

"மனு எண் ஒன்று. மனுதாரர் இராமலிங்கம். 'மேற்படி பொன்னுவேல் என்பவனின் சகிக்க முடியாத கூச்சலை உடனே நிறுத்த வேண்டும்.' மனு எண் இரண்டு..."

தெருவில் ஓடியவர்களை ஒலிபெருக்கி அவரவர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டது. முப்பத்தேழு மனுவையும், பதினொரு பாட்டையும் வாசித்து முடித்தபின், முன்பு மரத்தடியில் கேட்கப்பட்ட கேள்விக்கு அதிகாரமில்லாமலே பதில் சொன்னார்.

"நல்லா இருந்துச்சு தம்பி. அத்தனை பாட்டும் நல்லா இருந்துச்சு."

ஃபைலை லீலாவின் கையில் கொடுத்தார். மறுநாள் ஆபீஸ் பதிவேட்டில், 'விதிப்படி எரிக்கப்பட்டது' என்று எழுதினார். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அவர் பதிவேட்டில் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது.

அதே நாள் மேலதிகாரிக்கு ஒரு மனு வந்தது. ஊர் முதல் முறையாக ஒற்றுமையாகி, ஒரே தாளில் முப்பத்தேழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாச்சிமுத்து என்பவர் ஒலிபெருக்கியில் பெருஞ்சத்தம் எழுப்பிப் பொது அமைதியைக் கெடுத்தாராம். அவரைக் காடு பார்த்த ஏதாவது ஒரு இடத்துக்கு மாற்ற வேண்டுமாம். சாட்சியமாக ஒவ்வொருவரும் தன் கைப்படவே எழுதியிருந்தார்: 'என் பெயர் மட்டும் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது.'