சேவல் கிண்ணமும் ஒரு ஜாஸ் தேர்வும்

மாலை ஐந்து நாற்பதுக்கு அரங்கின் கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தது ஒரு கிண்ணம். சிவப்புச் சேவல் வரைந்த சீனக் கிண்ணம். அதைப் பிடித்திருந்த கை அடுத்து வந்தது. அதற்குப் பின்னால் பனியனும் காக்கி அரைக்கால்சட்டையும் அணிந்த பள்ளிக்கூடக் காவலாளி வந்தார். அவர் மேடையைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரரைப் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்:

"மீ மானா?"

மீ, அதாவது நூடுல்ஸ், எங்கே என்று அர்த்தம். அந்த நிமிடம் நான் மேடையில் சாக்ஸபோனை வாயில் வைத்துக்கொண்டு, ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரை மேலே வரவழைத்தது நான்தான். எட்டு மாதம் பாடுபட்டு வரவழைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு பத்து காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அப்பா பால் கொட்டகையில் ரப்பர் பால் நிறுப்பவர். கல்யாண பேண்டு செட்டில் வாசித்துக்கொண்டிருந்த சித்தப்பா சிங்கப்பூருக்குப் போகும்போது தன் சாக்ஸபோனை எங்கள் வீட்டில் விட்டுப்போனார். (பிறகு கேட்டு எழுதவில்லை. நாங்களும் நினைவூட்டவில்லை.) ஐந்து வருடம் அதை ஊதித் தோட்டத்து நாய்களின் தூக்கத்தைக் கெடுத்தேன். பிறகு ஒரு நாள், பல்கலைக்கழகம் நடத்தும் ஜாஸ் வகுப்புக்குக் கட்டணம் இல்லாமல் ஓர் இடம் தருகிறார்கள், ஈப்போவிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்தேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார்.

"ஊதறதுக்குப் படிப்பா?"

"ஆமாப்பா. மூணு வருசம்."

"சரி, போய் ஊதிப் பாரு. கெடைக்கலன்னா பரிச்ச முடிஞ்ச மறு திங்கக்கெழம ஆபீசுல கணக்கெழுதற கிராணி வேலைக்கு நிக்கணும். தொரைகிட்ட சொல்லிட்டேன்."

தேர்வு சனிக்கிழமை. ஆக, இடையில் ஒரு ஞாயிறு மட்டும் எனக்குச் சொந்தம்.

தேர்வில் இம்ப்ரொவைசேஷன் செய்து காட்ட வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட அகராதியில் பார்த்தேன். 'முன்னேற்பாடு இல்லாமல் அந்தந்த நேரத்தில் தோன்றுவதைச் செய்தல்' என்று இருந்தது. எனக்கு நிம்மதி வந்தது. முன்னேற்பாடு இல்லாமல் செய்வதற்கு எட்டு மாதம் முன்னேற்பாடு செய்யத் தொடங்கினேன்.

எனக்குத் தெரிந்த படிப்பு அப்படி. சரித்திரமா, மனப்பாடம். அறிவியலா, மனப்பாடம். 'எனக்குப் பிடித்த விளையாட்டு' என்ற கட்டுரையைக்கூட எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டு பேரும் ஒரே மாதிரி ஒப்பித்தோம். முப்பத்தெட்டு பேருக்கும் பூப்பந்துதான் பிடித்திருந்தது. ஜாஸுக்கு மட்டும் கடவுள் வேறு சட்டம் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மனப்பாடம் செய்ய ஒரு பிரதி வேண்டுமே. அதைக் கொடுத்தவர் கதிர்வேல் மச்சான், என் அக்காவின் கணவர். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் வேலை. கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் குடித்தனம். அவர் வீட்டு ரேடியோவில் மாலை நேரங்களில் வெளிநாட்டு ஜாஸ் கேட்கும். அந்த ரேடியோ முன்னால், பேட்டரியில் ஓடும் ஒரு கேசட் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்து, பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். கேசட்டின் மேல் 'மாப்பிள்ளைக்கு, இங்கிலீஷ் நாதஸ்வரம்' என்று எழுதியிருந்தது.

ஆறு நிமிடப் பாட்டு. சாக்ஸபோன் வாசித்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் நாலாவது நிமிடத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போனவர், பாதி ஸ்வரத்தில் நிறுத்திவிட்டார். பியானோவும் நின்றது. டிரம்ஸும் நின்றது. முழு அமைதி. பிறகு எங்கோ தூரத்திலிருந்து மூங்கில் சத்தம் கேட்டது. டொக் டொக், டொக். அது நெருங்கி வந்தது, உரத்தது, தாண்டிப் போனது, தேய்ந்தது. மறுபடி ஒரு விநாடி அமைதி. அதன் பிறகு எதுவுமே நடக்காததுபோல் எல்லாரும் வேறோர் இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு மெய் சிலிர்த்தது. எல்லாரும் ஊதுவார்கள், நிறுத்தத் தெரிந்தவன் அல்லவா மேதை!

என் கூட்டாளி சின்னப்பனைக் கூட்டிவந்தேன். காலையில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பான், திருவிழாவில் உறுமி அடிப்பான். தோட்டத்தில் அவனை விடக் கூர்மையான காது கிடையாது. கேசட்டை மூன்று முறை போடச் சொன்னான். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"டேய், இந்த ஆளு உக்காந்து தட்டலடா. நடந்துகிட்டே தட்றான்."

"நெசமாவா?"

"லெஃப்டுலேருந்து ரைட்டுக்குப் போறான்லா. நல்லா கேளு."

கேட்டேன். போனான். சின்னப்பன் ஆற்றங்கரையில் ஒரு மூங்கில் துண்டை வெட்டினான். அன்றிலிருந்து தினமும் மாலை, கோயில் பின்புறம் நான் ஊதி நிறுத்துவேன். அவன் வேப்பமரத்திலிருந்து தண்ணீர்க்குழாய்வரை தட்டிக்கொண்டே நடப்பான். பார்த்தவர்கள் யாருக்கு வேண்டுதல் என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஈப்போவிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். வருடத்தில் மூன்று முறை ஈப்போவுக்குப் போவோம். துணி எடுப்போம், படம் பார்ப்போம், அக்கா வீட்டில் சாப்பிடுவோம், ஐந்து மணிக்குப் பஸ் ஏறிவிடுவோம். ஐந்து மணிக்குப் பிறகு ஈப்போ தெருக்களில் என்ன நடக்கும் என்பது எனக்கும் சின்னப்பனுக்கும் தெரியாது. அதைச் சொல்லித்தரும் பாடம் எங்கள் பள்ளியில் இல்லை.

தேர்வு ஒரு பள்ளியின் மாடி அரங்கில் நடந்தது. மச்சான்தான் எங்களைக் கூட்டிப்போனார். தேர்வாளர் டாக்டர் நோலன், நெட்டையான மனிதர். வெயிலில் முகம் தக்காளியாகியிருந்தது. பியானோவில் மிஸ் லாவ், ஈப்போ சீனப் பெண்மணி, தேர்வுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துணைக்கு வாசிப்பவர். நான்தான் கடைசி ஆள். கடைசி வரிசையில் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வாசித்தேன். முதல் மூன்று நிமிடமும் டாக்டர் நோலன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மிஸ் லாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு ஆஸ்திரேலியா தெரிந்தது. நாலாவது நிமிடம் வந்தது. உச்சத்துக்கு ஏறினேன். நிறுத்தினேன்.

மேடையின் இடது ஓரத்திலிருந்து சின்னப்பன் கிளம்பினான்.

டொக் டொக், டொக்.

கோயிலில் தீச்சட்டி எடுப்பவனின் முகம் அவனுக்கு. நேராகப் பார்த்தபடி நடந்தான். எனக்குப் பக்கத்தில் வந்தபோது கேசட்டில் இருந்தபடியே உரக்கத் தட்டினான். மிஸ் லாவ் வாயைப் பொத்திக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் கதவு திறந்து கிண்ணம் வந்தது.

"மீ மானா?"

சின்னப்பன் நின்றான். வலது ஓரத்துக்கு இன்னும் நாலடி பாக்கி.

மிஸ் லாவ் பியானோ மேலேயே கவிழ்ந்துவிட்டார். கொஞ்சம் தேறி, டாக்டர் நோலனுக்கு விளக்கினார். ஈப்போவில் மாலையானால் மீ விற்பவர்கள் தள்ளுவண்டியோடு வருவார்கள். வண்டிக்கு முன்னால் ஒருவர் மூங்கிலைத் தட்டிக்கொண்டே தெருத்தெருவாக நடப்பார். சத்தம் கேட்டதும் ஜனங்கள் கிண்ணத்தோடு இறங்கி வருவார்கள். காவலாளியும் இறங்கியிருக்கிறார். தெருவில் வண்டி இல்லை. சத்தம் மேலிருந்து வந்ததால் ஏறி வந்துவிட்டார்.

"அப்படியானால் அந்த நிறுத்தம்?" என்று டாக்டர் நோலன் என்னிடம் கேட்டார். "அது உங்கள் யோசனையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"மாப்ள," என்றார் மச்சான், "அன்னிக்குக் கரண்டு போயிருச்சு."

"என்ன மச்சான்?"

"ரெக்காட் பண்ணப்ப. ரேடியோ நின்னுருச்சு. இது பேட்டரியில ஓடிக்கிட்டே இருந்துச்சு. கரண்டு வந்தோன பாட்டும் வந்துருச்சு. சொல்ல மறந்துட்டேன்லா."

"எட்டு மாசமா மறந்துட்டீங்களா?"

"நீ எங்கிட்ட கேக்கவே இல்லயே!"

டாக்டர் நோலன் காத்திருந்தார். மொழிபெயர்க்க என்னைத் தவிர ஆள் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது: 'சார், அந்த நிறுத்தம் மின்சாரத் தடை. மூங்கில், இரவுச் சாப்பாடு. மற்றது முழுவதும் கேசட்டில் இருக்கிற ஆள் வாசித்தது.' பின்னாளில் பத்திரிகை வேலையில் எத்தனையோ அறிக்கைகளை மொழிபெயர்த்தேன். அவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் ஒன்றும் அமையவில்லை.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"சரி. கேசட்டில் இல்லாத எதையாவது வாசியுங்கள்."

என்னிடம் கேசட்டில் இல்லாதது ஒன்றும் இல்லை. தோட்டத்து ஆபீஸ் கண்முன் வந்தது. சுவரோரம் கிராணியின் மேசை, அதன் மேல் மைக்கூடு, மேசைக்குப் பின்னால் நான்.

"இப்ப என்னடா செய்ய?" என்றான் சின்னப்பன்.

"தெரியல."

"தட்டவா?"

"அதத் தட்டி என்னடா ஆவப்போவுது?"

"வேற எதுவும் எனக்கும் தெரியாதுலா."

தட்டினான். டொக் டொக், டொக். இந்தத் தடவை நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே தட்டினான். நான் ஊதினேன். முதல் ஸ்வரமே கீச்சென்று பிசகியது. வாத்து மிதிபட்ட சத்தம். நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் மிஸ் லாவ் பியானோவில் அதே பிசகிய ஸ்வரத்தை, அதுதான் சரி என்பதுபோல, இரண்டு முறை தட்டினார். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அவர் வேறொன்று கேட்டார். அதற்கும் சொன்னேன். எங்கிருந்தோ கிணிங் என்று ஒரு சத்தம் சேர்ந்தது. காவலாளி கதவில் சாய்ந்துகொண்டு சாப்ஸ்டிக்கால் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். வேறு வேலை இல்லை அவருக்கு, மீ இன்னும் வரவில்லை.

அன்று காலை மச்சான் போட்டிருந்த சட்டையின் நிறம்வரை எனக்கு நினைவிருக்கிறது. கேசட்டில் இருந்த ஆறு நிமிடத்தையும், மின்தடை உட்பட, இன்றும் பிசகாமல் வாசிப்பேன். ஆனால் அந்த நாலைந்து நிமிடம் நான் என்ன வாசித்தேன் என்று கேட்டால் ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. முடிந்தபோது சின்னப்பன் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தது மட்டும் தெரியும்.

டாக்டர் நோலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதலில் வாசித்தது பிரமாதம்," என்றார். "ஆனால் அந்த மனிதருக்கு எங்கள் வகுப்பு தேவையில்லை. இரண்டாவதாக வாசித்த ஆள் கொஞ்சம் மோசம். அவரைச் சேர்த்துக்கொள்கிறேன்."

எனக்குப் புரிய நேரமானது. மச்சானுக்கு மொழிபெயர்த்தபோதுதான் புரிந்தது.

"மோசமா வாசிச்சவனத்தான் எடுப்பாங்களா?" என்றார் மச்சான். "நல்ல யூனிவர்சிட்டிலா!"

கீழே தெருவில் டொக் டொக் என்று கேட்டது. இது அசல். காவலாளி கிண்ணத்தோடு ஓடினார். பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். மிஸ் லாவ் வந்தார், டாக்டர் நோலனும் வந்தார். சின்னப்பன் மட்டும் மூங்கில் தட்டும் ஆளுக்கு எதிரில் நின்று, சாப்பிடாமல், ஒரு முழுச் சுற்று கேட்டான். "நான் வாசிச்சதுதான் கரெக்ட்டு," என்று திரும்பி வந்து சொன்னான்.

திங்கட்கிழமை காலை அப்பா ஆபீசுக்குப் போனார். எனக்கு வேலை வேண்டாம் என்று துரையிடம் சொல்லப் போனவர், கதை முழுவதையும் சொல்லிவிட்டு வந்தார். அன்று மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாராவது பேச்சுக்கு நடுவில் திணறினால், பெண் பார்க்க வந்த இடமானாலும் சரி, "கரண்டு போச்சா?" என்று ஒரு குரல் வரும். இன்னொருவர் மேசையைத் தட்டுவார். அக்கா பேரப்பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது. அவர்களும் தட்டுகிறார்கள்.

மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்தில் என் இறுதிக் கச்சேரி நடந்தது. எல்லாம் என் சொந்த வாசிப்பு. நாலாவது நிமிடத்தில், உச்சத்துக்கு ஏறும்போது, நிறுத்தினேன். மற்றவர்களும் நிறுத்தினார்கள். பிறகு வேறோர் இடத்திலிருந்து பிடித்துக்கொண்டோம். அதைப் பதிவு செய்து ஈப்போவுக்குக் கேசட் அனுப்பினேன்.

அக்கா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் மச்சான் எழுந்து போய் மெயின் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தார்.