அடங்காத விரல்கள்

கண்ணாடித் தட்டுக்குள் நீல விரல் ஒன்று தலைகாட்டியது. வட்டமாகப் பரவியிருக்க வேண்டிய நீலம் அது.

இரண்டு தட்டுகளுக்கு நடுவே கெட்டியான எண்ணெய். அதற்குள் ஊசி வழியாக நீலத் தண்ணீரை ஏற்றினால் விரல் விரலாகப் பிரிந்து ஓடும். மின்புலம் கொடுத்தால் விரல்கள் அடங்கிவிடும். இதுதான் அவளுடைய ஏழு வருட ஆராய்ச்சி. இன்று அடங்கினால் டாக்டர் பட்டம். அடங்காவிட்டால், கல்யாணத்துக்கு வந்தவர்போல உடுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மாமியார் நாளையிலிருந்து மறுபடியும் கேட்பார்: "தண்ணிக்கும் எண்ணெய்க்கும் இன்னுமா பஞ்சாயத்து முடியலை?"

"என்னம்மா, வளருதே?" என்றார் பட்டத்துக்காகச் சோதிக்க வந்திருந்த தேர்வாளர்.

"வோல்ட்டேஜ் பத்தலை சார்."

மின்பெட்டியின் குமிழைத் திருகினாள். பழைய பெட்டி. அதன் அளவு முள் அசைந்து யாரும் பார்த்ததில்லை. திருகிய பதற்றத்தில் இன்னொரு கை ஊசியை அழுத்திவிட்டது. ஒரு விரல் ஐந்தானது.

"தட்டுல வயரை மாத்திப் போடு," என்று காதருகில் பல்லைக் கடித்தார் அவளுடைய பேராசிரியர்.

மாற்றினாள். முழங்கை ஊசியில் இடித்தது. ஐந்தும் கிளைவிட்டன.

"வோல்ட்டேஜை இன்னும் ஏத்தும்மா!" என்றார் தேர்வாளர்.

ஏற்றினாள். இன்னொரு கை மறுபடியும் ஊசியை அழுத்தியது. கிளைகள் மரமாகி, தட்டின் விளிம்பைத் தாண்டி, தேர்வாளரின் வெள்ளைச் சட்டையில் போய் நின்றன.

மாமியார் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"பார்த்தீங்களா!" தேர்வாளர் துள்ளி எழுந்தார். "மின்புலம் விரலை வளர்க்கும்னு எத்தனை மாநாட்டுல தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்!"

"வளர்க்கலை சார், அடக்குது," என்றார் பேராசிரியர். "புலம் மட்டும் இல்லேன்னா இந்நேரம் கூரைக்கே போயிருக்கும்."

"அந்த நடு விரலைப் பாருய்யா! புலம் பிடிச்சு இழுக்கிறது தெரியலை?"

"எனக்குத் தள்ளுறதுதான் தெரியுது."

இரண்டு தலைகளும் தட்டின் மேல் முட்டிக்கொண்டன. கத்திக் களைத்த பிறகு ராசியானார்கள். மின்புலம் விரலை வளர்க்கவும் செய்யும், அடக்கவும் செய்யும். இந்த அரிய உண்மையை ஒரே தட்டில் காட்டியவளுக்குப் பட்டம் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

"வாழ்த்துகள், டாக்டர்," என்று நீலக் கையை நீட்டினார் தேர்வாளர்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் செருகியிருந்த போனை உருவினார்.

"எல்லாரும் சேர்ந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். சார்ஜே இல்லாம இருந்துச்சும்மா. நீ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பெட்டி வயரைப் பிடுங்கிட்டு இதைச் சொருகிட்டேன். நல்லவேளை, அது யாருக்கும் தேவைப்படலை!"