பிம் வீட்டுக் கண்ணாடி அறை வழியாக

மார்ல்விக் கிராமம், டெர்பிஷயர்
வியாழக்கிழமை, மழை

அன்பும் அதட்டலும் நிறைந்த ஹெஸ்டர் அக்காவுக்கு, தம்பி டெரிக் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பெரிலும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே உன் நலமும் லயோனல் அத்தான் நலமும் நாயின் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் வந்தது. பெரில் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பிம் வீட்டாரிடம் போய் மன்னிப்புக் கேட்டால்தான் சனிக்கிழமை நீங்கள் இருவரும் இங்கே வருவீர்கள் என்று எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன் அக்கா.

கிராமத்துக்கு விடுமுறைக்குப் போய் நாற்காலியைத் தேய்க்காதே, நாலு இடம் நட என்று சொன்னது யார்? நீதானே! நடந்தேன். வரைபடத்தில் பச்சைப் புள்ளிக் கோடு போட்டிருந்தால் அது பொதுப் பாதை. நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் போகிறவனை மறிக்க முடியாது. ஆனால் நடக்க ஆளில்லாவிட்டால் பாதை புல் மூடிச் செத்துப்போகும், அதைத் தடுக்கத்தான் என் முழங்காலைத் தானம் செய்துகொண்டிருக்கிறேன். இந்த ஊர்க் கோடு தேவாலயத்தின் பின்பக்கம் தொடங்கி, பிம் தம்பதியின் தோட்டத்தை நடுவாகப் பிளந்துகொண்டு, நேராகப் பப்பில் போய் முடிகிறது. இதைவிட நியாயமான பாதை உலகத்தில் உண்டா?

திங்கட்கிழமை அவர்கள் தோட்டத்துக் கதவைத் திறந்து உள்ளே போனேன். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஆம்ப்ரோஸ் பிம், கண்காட்சிக்கு வளர்க்கும் பூசணிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் பூட்ஸைப் பார்த்தார், "நல்ல வெயில், இல்லீங்களா?" என்றார். "சாயங்காலம் மழை வரலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கடந்தேன். குற்றமுள்ள மனசுதான் அப்படிப் பேச்சை மாற்றும். செவ்வாய்க்கிழமை பார்த்தால், சரியாகக் கோட்டின் மேல் தேநீர் மேசை! நான் வளைந்துகொடுக்கவில்லை. தேநீர்க் கெண்டிக்கும் திருமதி பிம்முக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தேன். என் முழங்கை பட்டுப் பால் ஜாடி அவர் மடியில் கவிழ்ந்தது. "மன்னிச்சுக்குங்க" என்றார் அந்த அம்மாள். பார்த்தாயா, வாய்விட்டு ஒப்புக்கொண்டுவிட்டார்! நேற்று வழியை மறித்த பூங்கொடியை வெட்டக் கத்தரிக்கோலோடு போனேன். பிம்மோ கொடியின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் வெட்டினா உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்" என்கிறார். எவ்வளவு தந்திரம்! அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கோடோ அவர்கள் வீட்டோடு ஒட்டிக் கட்டியிருக்கும் கண்ணாடி அறைக்குள் போகிறது; வெயில் நாளில் அதைச் சுற்றிப் போயிருந்தேன், மழையில் எதற்கு? போனேன். உள்ளே பின்னிக்கொண்டிருந்த திருமதி பிம் கால்களை மடக்கிக்கொண்டு, "குடையை அந்த மூலையில வைக்கலாமே" என்றார். "நான் உள்ளே வரலைங்க, கடந்து போறேன்" என்று தெளிவாகச் சொன்னேன். "ஆமாமா, தாராளமா" என்றார். மறுபக்கக் கதவைக் கம்பீரமாகத் திறந்தேன். அது அலமாரி. பரவாயில்லை, அடுத்த கதவு சரியான கதவு.

இதில் பெரில் எனக்குத் துணை வருவதில்லை என்பதுதான் வருத்தம். தனியாக எப்படியோ வருகிறாள். ஆனால் தினமும் நான் பப்புக்குள் நுழையும்போது பாதிக் கோப்பையைக் காலி செய்துவிட்டு, பூட்ஸில் ஒரு பூவிதழ்கூட ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். "எப்படி இவ்வளவு சீக்கிரம்?" என்றால், "நான் வழியில யாரோடயும் சட்டம் பேசறதில்லையே" என்கிறாள்.

ஆகவே அக்கா, நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அத்தான் சிரித்தாலும் சரி, நான் நடப்பேன். பிம் வீட்டார் கண்ணாடி அறையில் பியானோவையே கொண்டுவந்து போட்டாலும் அதன் மேல் ஏறி நடப்பேன்.

அத்தானுக்கு என் வணக்கம். நாய்க்கு முதுகில் செல்லமாக ஒரு தட்டு. உன் ரோஜாக்களைப் பூச்சி அண்டாதிருக்கட்டும்.

அடிபணியாத தம்பி,
டெரிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பெரில் இதைப் படித்தாள். என் கையைப் பிடித்து, பிம் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இழுத்துப்போனாள். அங்கே ஒரு பாதை. அகலமான, அழகான பாதை. 'பொதுப் பாதை' என்று கைகாட்டி. வரைபடத்துப் பச்சைக் கோடு இதுதானாம். மண்ணில் அவள் பூட்ஸ் தடம். "மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "சொல்ல வாயைத் திறந்தேன். நீங்க பாதையைக் காப்பாத்தப் போயிட்டீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் அக்கா, சத்தியமாக. நான் வாய் திறக்குமுன் பிம் ஓடிவந்தார். "மன்னிக்கணும், இன்னிக்கு நேரமாச்சே, எங்க மேல ஏதாவது வருத்தமோன்னு பயந்துட்டோம்!" மேசையை ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். கண்ணாடி அறை வாசலில் எனக்கென்றே கால்மிதி. அலமாரிக் கதவில் 'இது அல்ல' என்று ஒரு சீட்டு. நான் என்ன செய்ய? "சாயங்காலம் வெயில் வரலாம்" என்று சொல்லிவிட்டு, கால் துடைத்துக்கொண்டு, நடந்தேன்.

சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். திருமதி பிம் கேக் செய்கிறார். வேலிக்கு அந்தப் பக்கமாக மட்டும் போய்விடாதீர்கள். பார்த்தால் அவர்கள் மனசு சங்கடப்படும்.