சுபேதாரைச் சுட்ட கம்ப்யூட்டர்

ரங்கநாதன் தெரு,
தியாகராய நகர்,
சென்னை-17.

மகா கனம் பொருந்திய மச்சான் அய்யாதுரை அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சுயம்புலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை தங்கமும் ஜவுளிக்கடையும் நலம். நலமில்லாதது என் மகன், அதாவது உங்கள் மருமகன் ராஜரத்தினத்தின் புத்தி ஒன்றுதான்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த அடையாறு சம்பந்தம் முறிந்துவிட்டது. பெண்ணின் அப்பா தவசிமுத்து பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்று எழுதினீர்களே, அவரிடம் பீரங்கிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதினீர்களா? பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். காலேஜ் கம்ப்யூட்டரில் வேலை என்று சொல்லிவிட்டு இவன் கேசரியைத் தின்றிருக்கலாம். அந்த மெஷினுக்குச் சண்டை விளையாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறானாம். காகிதத்தில் கட்டம் போட்டுக் காலாள், டாங்கி, பீரங்கி எல்லாம் உண்டாம், நாம் ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கமாம். சுபேதார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது பீரங்கிய எங்க நிறுத்தும்?"

"முன்வரிசையில, மாமா. கிட்டக்க எது இருக்கோ அதைச் சுடும். அநேகமா தன் ஆளையேதான்."

மனுஷன் சிரித்த சிரிப்பில் காப்பி என் வேட்டியில். "அதச் சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க, நான் ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கேன். பொறவு தட்டு மாத்தலாம்" என்றுவிட்டார். பெண் பங்கஜமும் கதவோரம் நின்று சிரித்தாள்.

அன்றிலிருந்து இவன் கடைப்பக்கமே வருவதில்லை. சொந்த ஆள் பக்கத்தில் இருந்தால் சுடாதே என்று எழுதினானாம், பீரங்கி பயந்துபோய் ஒரு குண்டுகூடப் போடவில்லையாம். எதிரி நெருங்கினால் நகர்ந்துகொள் என்று எழுதினானாம், அது ஓடிப்போய் மூலைக் கட்டத்தில் ஒளிந்துகொண்டதாம். இதையெல்லாம் அட்டையில் ஓட்டை போட்டு எழுத வேண்டுமாம். வீடு முழுக்க ஓட்டை அட்டை, உங்கள் தங்கை அதைத் தரையில் வைத்து மாவு தூவிக் கோலப்புள்ளி வைக்கிறாள். பொறுக்க மாட்டாமல் நானே கத்தினேன்: "ஏலே, பட்டுச்சேலைய எவனாவது கடை வாசல்ல தொங்கவிடுவானா? வாசல்ல துண்டு, உள்ள பட்டு. வாசல்ல நிக்கவன் ஆள் வருதுன்னு குரல் குடுத்தா, உள்ள இருக்கவன் எடுத்துப் போடணும்!" சாப்பிட்ட கையோடு எழுந்து காலேஜுக்கு ஓடினான்.

பீரங்கி சரியாகிவிட்டது என்று இவன் கூப்பிட, போன ஞாயிற்றுக்கிழமை சுபேதார் மீசையை முறுக்கிவிட்டுப் பெண்ணோடு காலேஜுக்கு வந்தார். அறை நிறைய மெஷின், ரைஸ்மில் மாதிரி இரைச்சல். அவர் சொன்ன கட்டத்தை இவன் அட்டையில் போட்டு உள்ளே தள்ள, அது காகிதத்தில் பதில் அடித்தது. மெஷினின் காலாள் ஒருவன் முன்னால் வந்து எட்டிப் பார்த்தான், அவ்வளவுதான், பின்னால் மேட்டு மறைவில் நின்ற பீரங்கிகள் எல்லாம் ஒரே கட்டத்தில் கொட்டித் தீர்த்தன. சுபேதாரின் டாங்கி போச்சு, அடுத்த டாங்கி போச்சு, கடைசியில் அவருடைய பீரங்கியும் போச்சு. "மாமனார்லே, தோத்துரச் சொல்லு" என்று இவன் காதைக் கடித்தேன். "அதுக்கு அட்டை எழுதலையேப்பா" என்றான் மடையன். சுபேதார் எழுந்து வெளியே போய்விட்டார்.

வாசலில் ஆட்டோக்காரர் பாண்டுரங்கன், "இன்னா நைனா, உன் சம்பந்தி வெயில்ல நடந்தே போய்க்கினு கீறாரு?" என்று கேட்டார். குண்டடி பட்டுவிட்டது என்றேன்.

ஆகவே மச்சான், நீங்கள் சமாதானம் பேச இங்கே வர வேண்டாம். ஊர்ப்பக்கமே வேறு பெண் பாருங்கள், அப்பா கடலைமிட்டாய் வியாபாரியாக இருந்தால் உத்தமம். அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும், பல்வலியில் இருக்கும் உங்களுக்கு என் அனுதாபத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த
சுயம்புலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் சுபேதாரே கடைக்குள் நுழைந்து என்னைக் கட்டிக்கொண்டார். "சண்டையில பீரங்கிய மறைவுல நிறுத்துங்கன்னு தொண்ட கிழியச் சொன்னேன், எங்க கர்னல் கேக்கல. உங்க பய மெஷினு கேட்டிருக்கு, சம்பந்தி!" என்று கண் கலங்குகிறார். பங்கஜமும் கட்டினால் இவனைத்தான் என்கிறாளாம். ஆவணியில் முகூர்த்தம். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு உடனே ரயில் ஏறுங்கள், ஏனென்றால் உங்கள் மருமகன் மட்டும், "ஆவணி வேணாம்ப்பா, டாங்கி இன்னும் பின்னாலயே ஓடுது" என்று உட்கார்ந்திருக்கிறான். வரும்போது நல்ல பிரம்பு ஒன்று கொண்டுவரவும்.