அட்டென்ஷனில் நின்ற சுவர்

சிதம்பரத்துக்காரன் மேட்டைப் பற்றிப் பேசக் கூடாது. எங்கள் ஊர் தாம்பாளம் மாதிரித் தட்டை. கோபுரத்தை விட்டால் அதிக உயரமான இடம் வேகத்தடைதான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், மேட்டு மண்ணைத் தடுத்து நிறுத்த ஒரு கல் சுவர் கட்டினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி செல்வி சொல்லிவிடுவாள். அது இதைவிட மோசமாக இருக்கும்.

என் மாமனார் வீடு கடலூர் கேப்பர் மலைச் சரிவில் இருக்கிறது. (மலை என்றதும் ஊட்டி அளவுக்குப் போய்விடாதீர்கள். செம்மண் மேடு, அவ்வளவுதான்.) வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டி ஒரு கழிவறை கட்டியிருந்தார்கள். அதன் கதவுக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. மழைக்காலத்தில் மண் கரைந்து சந்தில் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாமனார் மண்வெட்டியோடுதான் கழிவறைக்குப் போவார்.

அவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். கூன் போட்டு உட்கார்ந்தவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. "நேரா நில்லு!" என்று அதட்டினால் வீட்டுப் பூனைகூட நிமிரும். அந்த வருடம் அவர், "மேஸ்திரியக் கூப்ட்டு சிமெண்ட்டு சுவரு போட்டுடலாம்" என்றார். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"எதுக்கு மாமா மேஸ்திரி? பழைய வீட்டு அஸ்திவாரக் கருங்கல்லு சும்மாதானே கெடக்குது? சிமெண்ட்டே இல்லாம அடுக்கிக் கட்டிடலாம். நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்திருந்தது மூன்று வீடியோக்கள். (அதில் இரண்டை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தேன்.) அதில் ஒரு தாடிக்காரர் கல்லை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், வைப்பார். கல் சொன்ன பேச்சு கேட்டு உட்காரும். இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும் என்று நினைத்தேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை. செல்வியின் தம்பி குமார் கல் தூக்க வந்தான். முதல் நாளே கேள்வி கேட்டான்.

"இன்னா மச்சான், கீழ பள்ளம் எடுக்க வேணாமா?"

"வீடியோல எடுக்கல." (எடுத்திருந்தார்கள். நான் ஓட்டிவிட்ட பகுதி அது.)

"நீளக் கல்ல மண்ணுக்குள்ள போற மாதிரி வெச்சாத்தானே புடிக்கும்?"

"அழகு வெளிய தெரியணும்டா!"

நீளக் கற்களையெல்லாம் நீளப் பக்கம் வெளியே தெரியும்படி படுக்கவைத்தேன். பின்னால் இருந்த இடைவெளியில் அதே செம்மண்ணை வெட்டிக் கொட்டினேன். ஒவ்வொரு வரிசைக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூலுக்கும் கல்லுக்கும் நடுவில் எறும்புகூடப் போக முடியாது. சுவர் நெஞ்சு உயரம் வந்ததும் மாமனார் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அட்டென்ஷன்ல நிக்கிது மாப்ள!"

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூடக் கொல்லைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன்.

அந்த ஐப்பசியில் என் மச்சினி கயலுக்கு நிச்சயதார்த்தம். சிதம்பரத்தில் மண்டபம், பத்தரை மணிக்குத் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நேரம் தவறினால் சகுனம் பேசுகிறவர்கள். விடிந்ததிலிருந்து மழை. ஏழரைக்கு வேன் வந்து நின்றது. "எல்லாரும் ஏறுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று மாமனார் பின்பக்கம் கழிவறைக்குப் போனார்.

வெயிலில் நிறுத்திவைத்த பையன் மயங்கி விழுவதுபோல் என் சுவர் அப்படியே முன்னால் விழுந்தது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் பார்த்தபோது கல்லும் சேறும் கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் வரை குவிந்திருந்தன. அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

"மாமா! அடி கிடி படலியே?"

"அடி படல. கதவு தொறக்கல." உள்ளேயிருந்து கதவைத் தள்ளும் சத்தம் கேட்டது. "சுவரு இன்னா ஆச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் குமார் சொன்னான்: "ஸ்டாண்ட்-அட்-ஈஸ்ல இருக்குதுப்பா."

கயல் பட்டுப்புடவையோடு நனைந்துகொண்டே வந்து அழ ஆரம்பித்தாள். "அப்பா இல்லாம யாரு தட்டு மாத்துவாங்க?" அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் சித்தப்பா போன் செய்தார். செல்வி எடுத்தாள். "கெளம்பிக்கிட்டே இருக்கோம் மாமா... அப்பாவா? அப்பா உள்ள இருக்காரு." (அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.) ஒரு பெண்ணின் நிச்சயம் என் அழகுணர்ச்சியால் நின்றுபோனால், அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்?

வேன் ஓட்டுநர், பாறையும் குன்றுமான செஞ்சிப் பக்கத்துக்காரர். குவியலைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "மேலேர்ந்து எடுங்க. அடியில கைய வெக்காதீங்க" என்றார். வெண்டிலேட்டர் வழியாக மாமனாரின் குரல் வந்தது.

"குமாரு! கூட்டமா நிக்காத! எல்லாரும் லைன்ல நில்லுங்க! கைக்குக் கை மாத்துங்க! ஒன்... டூ..."

ஓட்டுநர், நான், குமார், செல்வி, கடைசியில் புடவையைச் செருகிக்கொண்டு கயல். நிச்சயதார்த்தப் பெண் கருங்கல் சுமந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பட்டு வேட்டி, சட்டை, விபூதி எல்லாம் வெண்டிலேட்டர் வழியாக உள்ளே போயிருந்தன. கதவு திறந்தபோது சம்பந்தி வீட்டுக்குப் போகிற கோலத்தில் அவர் விறைப்பாக நின்றார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வண்டில ஏறுங்க மாப்ள" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வேனில் ஓட்டுநர்தான் பேச்சை ஆரம்பித்தார். "அடி வரிசை மட்டும் நேரா நிக்குது. அத யாருங்க தூக்குக்குண்டு வெச்சுக் கட்டுனது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சிமெண்ட்டு இல்லாத கல்லுக்கட்டு மேட்டுப் பக்கமா சாஞ்சு உக்காரணும்ங்க. மண்ணு ஈரமாச்சுன்னா முன்னாடி தள்ளும். சாஞ்சிருந்தாத்தான் தாங்கும்."

பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற சாலை வந்ததும் மாமனார் மெல்லக் கேட்டார்: "அப்ப நேரா நின்னது தப்பா?" முப்பது வருட சர்வீஸையும் யாரோ ரத்து செய்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பத்து இருபதுக்கு மண்டபத்தில் இறங்கினோம். பத்தரைக்குத் தட்டு மாறியது. ஆல்பத்தில் எங்கள் வீட்டார் நகக்கண் எல்லாம் சிவப்பாக இருக்கும். மருதாணி என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். (குமாருக்கு எதற்கு மருதாணி என்று யாரும் கேட்கவில்லை.)

பொங்கல் லீவில் அந்த ஓட்டுநரையே அழைத்து வந்து சுவரை மறுபடி கட்டினோம். பள்ளம் எடுத்தோம், பெரிய கல்லை அடியில் வைத்தோம், நீளக் கல்லை உள்ளே விட்டோம், தண்ணீர் இறங்குவதற்குப் பின்னால் ஜல்லி கொட்டினோம். சுவர் மேட்டின் மேல் சாய்ந்து, அசையாமல், நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது. மாமனார் அன்றைக்கும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுக் கழிவறைக் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிப் போட்டுவிட்டார்.

இப்போது அவர் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார். இரண்டாவது மாடி. சுற்றிலும் மேடும் கிடையாது, கருங்கல்லும் கிடையாது. இருந்தாலும் காலையில் பாத்ரூம் வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"மாப்ள, நான் உள்ள போறேன்."

"போய்ட்டு வாங்க மாமா, ஒண்ணும் கட்டல" என்று நான் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கும்.